வைட்சாப்பல் கொலைகள், 1888: லண்டன் ஏன் அவ்வளவு கலங்கியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் சமூக வரலாற்றைப் பற்றி வாசகர் வட்டங்களில் பேசும்போது, எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் உரையாடல் ஏதோ ஒரு கட்டத்தில் 1888-இல் கிழக்கு லண்டனில் நடந்த கொலைகளுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கேட்பவர்கள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. ஆகவே, திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். கொலைகளின் உடற்கூற்று விவரங்களைத் தேவைக்கு மேல் சொல்லவில்லை. இந்தக் கொலைகள் ஏன் அவ்வளவு பெரிய கவனத்தைப் பெற்றன என்பதே இத்தொகுப்பின் பொருள்.

வைட்சாப்பல் கொலைகள் என்கிறார்கள், ஜாக் த ரிப்பர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

முழுக்க ஒன்றல்ல. 'வைட்சாப்பல் கொலைகள்' என்பது காவல்துறைக் கோப்பின் பெயர். 1888 ஏப்ரல் முதல் 1891 பிப்ரவரி வரை கிழக்கு லண்டனில் இறந்த 11 பெண்களின் வழக்குகள் அந்தக் கோப்பில் அடங்கியிருக்கின்றன. 'ஜாக் த ரிப்பர்' என்பது, அவற்றுள் சிலவற்றைச் செய்தவன் என்று கருதப்படும், இன்றுவரை அடையாளம் தெரியாத ஒருவனுக்கு வழங்கும் பெயர். அந்தப் பெயர் எப்படிப் பிறந்தது என்பதைப் பின்னால் தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அவன் கொன்றது எத்தனை பேரை? சிலர் ஐந்து என்கிறார்கள், சிலர் அதற்கு மேல் என்கிறார்கள். எது சரி?

பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் எண்ணிக்கை ஐந்து. 1888 ஆகஸ்ட் 31 அன்று பக்ஸ் ரோ என்ற தெருவில் மேரி ஆன் நிக்கல்ஸ், செப்டம்பர் 8 அன்று ஹன்பரி தெரு 29-ஆம் எண் வீட்டின் பின்முற்றத்தில் ஆனி சாப்மன், செப்டம்பர் 30 அதிகாலையில் பெர்னர் தெருவை ஒட்டிய முற்றத்தில் எலிசபெத் ஸ்ட்ரைட், அதே அதிகாலையில் ஒரு மணி நேரத்துக்குள் மைட்டர் சதுக்கத்தில் கேத்தரின் எட்டோஸ், நவம்பர் 9 அன்று டார்செட் தெருவை ஒட்டிய மில்லர்ஸ் கோர்ட்டில் தன் அறைக்குள்ளேயே மேரி ஜேன் கெல்லி. பத்து வாரங்களுக்குள் எல்லாம் நடந்து முடிந்தன.

ஆனால் இந்த ஐந்து என்பது நீதிமன்றம் உறுதி செய்த எண் அல்ல. காவல்துறைக்காக உடல்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்த டாக்டர் தாமஸ் பாண்ட் 1888 நவம்பரில் இவ்வைந்தும் ஒரே கை செய்தவை என்று எழுதினார். 1894-இல் மெல்வில் மக்நாட்டன் என்ற உயர் அதிகாரி தன் குறிப்பில் அதையே திரும்பச் சொன்னார். அவரோ 1889-இல்தான் காவல்துறையில் சேர்ந்தவர். ஆகஸ்ட் 7 அன்று 39 குத்துக்காயங்களுடன் இறந்து கிடந்த மார்த்தா டாப்ரமையும் சேர்க்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. ஸ்ட்ரைடை நீக்க வேண்டும் என்போரும் உண்டு.

லண்டன் மாதிரி ஒரு பெருநகரத்தில் கொலை என்ன புதிதா? இவை மட்டும் ஏன் இப்படிப் பேசப்பட்டன?

கொலைச் செய்தியை விரும்பிப் படிக்கும் பழக்கம் இங்கிலாந்தில் அதற்கு வெகு முன்பே இருந்தது. ஆனால் அதுவரை பேசப்பட்ட பெரும்பாலான கொலைகளுக்கு ஒரு வடிவம் இருந்தது. பணத்துக்காகவோ பகையாலோ கொலை நடக்கும், குற்றவாளி பிடிபடுவான், வழக்கு நடக்கும், தூக்குடன் கதை முடியும். 1864-இல் ரயில் பெட்டிக்குள் ஒரு வங்கி அலுவலர் கொல்லப்பட்டபோது நாடே அதிர்ந்தது. ஆனால் அமெரிக்காவுக்குத் தப்பியோடிய ஃபிரான்ஸ் முல்லர் பிடிபட்டு அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டவுடன் அந்தப் பேச்சு படிப்படியாக அடங்கியது. வைட்சாப்பலில் அப்படி ஒரு முடிவு வரவேயில்லை. கொல்லப்பட்டவர்களிடம் திருடுவதற்கு எதுவும் இல்லை. ஒரு கொலைக்கும் அடுத்ததற்கும் இடையே இருந்த நாட்கள், அடுத்தது எப்போது என்ற கேள்வியாலேயே நிரம்பின.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1888 ஏப்ரலில் எம்மா ஸ்மித் என்ற பெண் சில ஆண்களால் தாக்கப்பட்டு லண்டன் மருத்துவமனையில் இறந்தபோது லண்டன் கலங்கவில்லை. ஆகஸ்ட் இறுதியில் நிக்கல்ஸ் இறந்த பிறகே பத்திரிகைகள் திரும்பிப் பார்த்து, ஸ்மித்தையும் டாப்ரமையும் சேர்த்து 'மூன்றாவது கொலை' என்று எழுதின. தனித்தனி மரணங்கள் ஒரு தொடராகக் கோக்கப்பட்ட அந்தத் தருணத்தில்தான் பெருங்கவனம் தொடங்கியது என்பது என் கருத்து. கொலையின் கொடூரம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், டாப்ரமின் உடலிலிருந்த 39 காயங்களே போதுமானவையாக இருந்திருக்கும்.

எல்லாம் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது என்கிறார்களே, அது உண்மையா?

'ஊதிப் பெரிதாக்கியது' என்ற சொல் பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது. ஐந்து பெண்கள் உண்மையாகவே கொல்லப்பட்டார்கள், அச்சம் கற்பனையல்ல. ஆனால் அந்த அச்சம் நாடு முழுவதும் ஒரே நாளில் பரவுவதற்கான ஏற்பாடு, அப்போதுதான் முதன்முறையாக முழுமையடைந்திருந்தது. பத்திரிகைகள் மீதான முத்திரை வரி 1855-இலும் காகித வரி 1861-இலும் நீக்கப்பட்டதால் விலை குறைந்தது. 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் 1880-இல் வந்த கட்டாயக் கல்வியும் உழைக்கும் மக்களிடையே புதிய வாசகத் தலைமுறையை உருவாக்கின. செய்தி நிறுவனங்கள் தந்தி வழியே மாகாணப் பத்திரிகைகளுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செய்தி விற்றன.

இவற்றோடு மாலைப் பத்திரிகைகளின் போட்டியும் சேர்ந்துகொண்டது. டி. பி. ஓ'கானர் 1888 ஜனவரியில் தொடங்கிய 'த ஸ்டார்' பத்திரிகையின் விலை அரை பென்னி. புதிதாகத் தொடங்கிய பத்திரிகைக்கு வாசகர்களைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டியிருந்தது. எட்டாவது மாதத்தில் வைட்சாப்பல் கிடைத்தது. ஒரு நாளில் பல பதிப்புகள் வெளிவந்ததால் ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய வரி ஒன்று தேவைப்பட்டது. உண்மையான புதுச் செய்தி இல்லாத மணிகளில் வதந்தி அந்த இடத்தை நிரப்பியது. படம் பார்த்தே செய்தியை அறியக்கூடிய வார இதழான 'இல்லஸ்ட்ரேட்டட் போலீஸ் நியூஸ்' முதல் பக்கம் முழுவதையும் கொலைக் காட்சிகளின் வரைபடங்களால் நிறைத்தது. மரியாதைக்குரிய 'த டைம்ஸ்' பத்திரிகையும் விலகி நிற்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்; மலிவுப் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

போலீஸ் எதையும் வெளியே சொல்லவில்லை என்றால், பத்திரிகைக்காரர்களுக்கு அவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது?

முக்கியமான வாயில், மரண விசாரணை. ஐயத்துக்குரிய மரணம் நேர்ந்தால், மரண விசாரணை அதிகாரி ஒருவர் ஜூரிகளை அமர்த்திச் சாட்சிகளை விசாரிப்பது இங்கிலாந்துச் சட்டத்தின் வழக்கம். அந்த விசாரணை பொதுவில் நடக்கும். நிருபர்கள் அமர்ந்து சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளலாம். நிக்கல்ஸ், சாப்மன், ஸ்ட்ரைட் மூவரின் விசாரணைகளையும் நடத்திய வின் பாக்ஸ்டர் அவசரப்படுபவர் அல்லர். ஒவ்வொன்றும் பல அமர்வுகளாக வாரக்கணக்கில் நீண்டது. காயங்களைப் பற்றி மருத்துவர் சொன்னது, கடைசியாகப் பார்த்தவர் சொன்னது, விடுதிக் காவலாளி சொன்னது எல்லாம் மறுநாள் அச்சில் வந்தன. மேரி கெல்லியின் விசாரணையை வேறோர் அதிகாரி ஒரே நாளில் முடித்துவிட்டார். அந்த வழக்கில் மட்டும் பத்திரிகைகளுக்கு நம்பகமான விவரம் குறைவாகவும் ஊகம் அதிகமாகவும் இருப்பதற்கு அதுவே காரணம்.

லண்டன் துப்பறியும் பிரிவு நிருபர்களுடன் பேச மறுத்தது உண்மைதான். அதனால் நிருபர்கள் துப்பறிவாளர்களைப் பின்தொடர்ந்தார்கள், அக்கம்பக்கத்தாரைத் தாங்களே விசாரித்தார்கள். சாட்சி ஒருவர் முதலில் காவல்துறையிடம் சொன்னதற்கும் பிறகு நிருபரிடம் சொன்னதற்கும் உள்ள வேறுபாடுகள் இன்றும் ஆய்வாளர்களைக் குழப்புகின்றன.

'லெதர் ஏப்ரன்' என்று ஒருவனைப் பிடித்தார்களாமே? அவன்தான் கொலைகாரனா?

இல்லை. தோல் ஏப்ரன் அணிந்த ஒருவன் தெருப் பெண்களை மிரட்டிப் பணம் பறிப்பதாக வைட்சாப்பலில் ஒரு பேச்சு இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் 'த ஸ்டார்' அதை எடுத்து, ஓசையின்றி நடக்கும் ஒரு கொடியவனின் உருவமாகத் தீட்டியது. அந்த உருவத்துக்கு யூத முகம் கொடுக்கப்பட்டது. சாப்மன் கொலையான இரண்டு நாட்களில் ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளி கைது செய்யப்பட்டார். கொலை நடந்த நேரங்களில் தாம் வேறிடங்களில் இருந்ததை அவரால் நிறுவ முடிந்தது. மரண விசாரணையிலும் நேரில் வந்து சாட்சி சொன்னார். அவர் குற்றமற்றவர் என்று தெளிவானது.

இந்தச் சிறு நிகழ்ச்சியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். யாரென்று தெரியாத கொலைகாரனுக்கு ஒரு பெயரும் ஓர் உருவமும் கொடுத்தால் பத்திரிகை விற்கும் என்பது அந்த ஐந்தாறு நாட்களில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பைசர் விடுவிக்கப்பட்டதும் பெயர் இருந்த இடம் காலியானது. அடுத்த பெயர் வர மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை.

'ஜாக் த ரிப்பர்' என்ற பெயரைக் கொலைகாரனே வைத்துக்கொண்டானா?

அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. எதிரான சான்றுகளே வலுவாக உள்ளன. செப்டம்பர் 25 தேதியிட்டு, சிவப்பு மையில், 'அன்புள்ள பாஸ்' என்று தொடங்கும் கடிதம் ஒன்று சென்ட்ரல் நியூஸ் என்ற செய்தி நிறுவனத்துக்கு வந்தது. அதன் கீழேதான் அந்தக் கையெழுத்து முதன்முதலாகக் காணப்படுகிறது. நிறுவனம் செப்டம்பர் 29 அன்று அதைக் காவல்துறைக்கு அனுப்பியது. மறுநாள் அதிகாலையில் இரட்டைக் கொலைகள் நடந்தன. அடுத்த பெண்ணின் காதை அறுப்பேன் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. எட்டோஸின் காது மடலில் வெட்டு இருந்தது. அதைத் தொடர்ந்து, அதே கை எழுதியது போன்ற அஞ்சலட்டை ஒன்றும் வந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் காவல்துறையே இரண்டின் நகல்களையும் சுவரொட்டியாக அச்சிட்டு, கையெழுத்தை அடையாளம் காணும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அந்தப் பெயர் யாராலும் திரும்பப் பெற முடியாததாகிவிட்டது.

கடிதம் போன இடத்தைப் பாருங்கள். சாதாரண மனிதன் ஒருவன் காவல்துறைக்கோ தான் படிக்கும் பத்திரிகைக்கோ எழுதுவான். பத்திரிகைகளுக்குச் செய்தி விற்கும் நிறுவனத்தின் பெயர் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே நன்கு தெரியும். துப்பறியும் பிரிவின் தலைவராக இருந்த ராபர்ட் ஆண்டர்சன், 1910-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில், அது ஒரு லண்டன் பத்திரிகையாளரின் கைவேலை என்று எழுதினார். 1913-இல் லிட்டில்சைல்ட் என்ற முன்னாள் அதிகாரி தன் கடிதமொன்றில், சென்ட்ரல் நியூஸில் பணிபுரிந்த புல்லிங் என்பவரையே எழுதியவராகக் காவல்துறையில் பலரும் கருதியதாகக் குறிப்பிட்டார். அது நீதிமன்றத்தில் நிறுவப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயரின் விளைவை மட்டும் யாரும் மறுக்க முடியாது. சுவரொட்டி வெளியான பிறகு அதே பெயரில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் காவல்துறைக்கும் பத்திரிகைகளுக்கும் குவிந்தன. பிராட்ஃபோர்டில் அப்படி எழுதிய இளம்பெண் ஒருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் கதையில் தாங்களும் ஒரு வரி எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

பார்சலில் சிறுநீரகம் அனுப்பியது உண்மையா?

பார்சல் வந்தது உண்மை. வைட்சாப்பல் வணிகர்கள் செப்டம்பர் 10 அன்று அமைத்த கண்காணிப்புக் குழுவின் தலைவரான ஜார்ஜ் லஸ்க், அக்டோபர் 16 அன்று பாதிச் சிறுநீரகம் ஒன்றையும் 'நரகத்திலிருந்து' என்று தலைப்பிட்ட கடிதத்தையும் பெற்றார். அந்தக் கடிதத்தில் 'ஜாக் த ரிப்பர்' என்ற கையெழுத்து இல்லை. எட்டோஸின் உடலில் ஒரு சிறுநீரகம் காணாமல் போயிருந்ததால், இது அவருடையதாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. மருத்துவ மாணவர்களின் விபரீத விளையாட்டு என்ற கருத்தும் அன்றே இருந்தது. அக்காலத்து அறிவியலால் அதைத் தீர்மானிக்க இயலவில்லை. மனித இரத்தத்தை விலங்கின் இரத்தத்திலிருந்து நம்பகமாகப் பிரித்தறியும் சோதனைகூட 1901-இல்தான் வந்தது.

இதே கொலைகள் லண்டனின் வேறு பகுதியில் நடந்திருந்தால் இவ்வளவு பேசப்பட்டிருக்குமா?

பேசப்பட்டிருக்கும், ஆனால் வேறு விதமாக. வைட்சாப்பல், உலகத்தின் பணம் புழங்கிய, தனி நிர்வாகமும் தனிக் காவல்துறையும் கொண்ட வங்கிப் பகுதியான லண்டன் சிட்டியின் கிழக்கு எல்லையை ஒட்டியிருந்தது. வங்கிகளிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால், ஒரு படுக்கைக்கு இரவு வாடகை நான்கு பென்னி என்ற விடுதிகள் வந்துவிடும். 1888 அக்டோபரில் காவல்துறை எடுத்த கணக்கின்படி வைட்சாப்பல் பிரிவில் அத்தகைய பொது விடுதிகள் 233. அவற்றில் இரவைக் கழித்தவர்கள் சுமார் 8,500 பேர். பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்கள் ஏறத்தாழ 1,200 பேர் என்றும் அதே கணக்கு சொல்கிறது.

மேற்கு லண்டனின் வசதியான வாசகருக்கு இந்தப் பகுதியைப் பற்றிய அச்சம் முன்னரே இருந்தது. 1886 பிப்ரவரியில் வேலையற்றோரின் கூட்டம் மேற்கு லண்டன் கடைத்தெருக்களின் கண்ணாடிகளை உடைத்திருந்தது. 1887 நவம்பர் 13 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் காவல்துறையும் ராணுவமும் ஆர்ப்பாட்டக்காரர்களை அடித்து விரட்டிய நாள் 'இரத்த ஞாயிறு' என்றே பெயர் பெற்றது. ரஷ்யப் பேரரசில் 1881 முதல் நடந்த வன்முறைகளிலிருந்து தப்பிவந்த யூதர்கள் வைட்சாப்பலில் குடியேறியிருந்தார்கள்; அவர்களைப் பற்றிய வெறுப்பும் வளர்ந்துகொண்டிருந்தது. 'த ஸ்டார்' பத்திரிகைக்கு ஜார்ஜ் பெர்னார்ட் ஷா செப்டம்பரில் எழுதிய கடிதத்தில், சீர்திருத்தக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பேசியும் எழுதியும் பெறமுடியாத கவனத்தை ஒரு கொலைகாரன் சில பெண்களைக் கொன்று பெற்றுவிட்டான் என்ற கருத்தைக் கசப்புடன் முன்வைத்தார். கொலைகளைப் பற்றிய பேச்சு, ஏழ்மையைப் பற்றியும் அந்நியர்களைப் பற்றியும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சில் வந்து கலந்தது என்பதே இதன் பொருள்.

சுவரில் எழுதியிருந்ததைப் போலீஸ் கமிஷனரே அழிக்கச் சொன்னாராமே? யாரையோ காப்பாற்றத்தானே?

இரட்டைக் கொலை நடந்த இரவில், கூல்ஸ்டன் தெருவில் ஒரு வாசலில், எட்டோஸின் ஏப்ரனிலிருந்து கிழிக்கப்பட்ட இரத்தக்கறை படிந்த துணித்துண்டை ஒரு கான்ஸ்டபிள் கண்டெடுத்தார். அதற்கு மேலே சுவரில் சுண்ணக்கட்டியால் யூதர்களைக் குறிக்கும் வாசகம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. கமிஷனர் சர் சார்லஸ் வாரன் நேரில் வந்து, புகைப்படம் எடுக்கும் வரைகூடக் காத்திராமல் அதை அழிக்கச் சொன்னார். விடிந்தால் அருகிலுள்ள ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கூட்டம் வரும், அதைப் பார்த்தால் யூதர்கள் மீது தாக்குதல் மூளும் என்பது அவர் தந்த விளக்கம்.

துப்பறிதலின் நோக்கில் அது பெரும் பிழை. ஆனால் அந்த அச்சம் பொய்யானதல்ல. சாப்மன் கொலையான நாளிலேயே யூதர்களை மிரட்டும் கூட்டங்கள் தெருக்களில் திரண்டிருந்தன. பைசரைப் பற்றி முன்பு சொன்னதையும் நினைத்துப் பாருங்கள். அந்த வாசகத்தைக் கொலைகாரன்தான் எழுதினான் என்பதற்கும் உறுதி இல்லை.

இவ்வளவு நடந்தும் காவல்துறை கையைக் கட்டிக்கொண்டா இருந்தது?

அப்படிச் சொல்வது அவர்களுக்கு அநியாயம். எட்டோஸ் இறந்த பிறகு வீடு வீடாக 80,000 துண்டறிக்கைகள் கொடுக்கப்பட்டன. விடுதிகளில் ஏறத்தாழ 2,000 பேர் விசாரிக்கப்பட்டார்கள். இறைச்சி வெட்டுவோர் 76 பேரின் இடங்கள் பார்வையிடப்பட்டன. 80 பேர் காவல் நிலையங்களில் வைத்து விசாரிக்கப்பட்டார்கள். மோப்ப நாய்களைக் கொண்டுவந்து பூங்காவில் ஒத்திகைகூடப் பார்த்தார்கள். ஆனால் லண்டன் காவல்துறையில் கைரேகைப் பிரிவு தோன்றியதே 1901-இல்தான். கையும் களவுமாகப் பிடித்தால் அல்லது கூட இருந்தவர் காட்டிக்கொடுத்தால் தவிர, முன்பின் அறியாதவரைக் கொல்பவனை அடையாளம் காண அவர்களிடம் வழியில்லை. போதாக்குறைக்கு, மைட்டர் சதுக்கம் லண்டன் சிட்டியின் எல்லைக்குள் இருந்ததால், அந்த ஒரு கொலை மட்டும் வேறொரு காவல்துறையின் பொறுப்பில் போனது.

அப்படியானால் பத்திரிகைகள் ஏன் காவல்துறையை அவ்வளவு கடுமையாகத் தாக்கின?

அரசியல். 'இரத்த ஞாயிறு' அன்று கூட்டத்தை ஒடுக்கியவர் இதே சார்லஸ் வாரன். சீர்திருத்தம் பேசிய பத்திரிகைகளுக்கு அவர் மீது ஓராண்டாக ஆறாத கோபம் இருந்தது. ஏழைகளை அடிக்கத் தெரிந்த காவல்துறைக்கு ஏழைகளைக் காக்கத் தெரியவில்லை என்று எழுத, ஒவ்வொரு கொலையும் காரணமானது. உள்துறை அமைச்சர் ஹென்றி மேத்யூஸ் சன்மானம் அறிவிக்க மறுத்ததும் எரிச்சலைக் கூட்டியது. சன்மானம் பொய்த் தகவல்களையே கொண்டுவருகிறது என்ற பட்டறிவால் அரசு சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த வழக்கத்தைக் கைவிட்டிருந்தது. ஆனால் சிட்டி நிர்வாகம் 500 பவுண்டு அறிவித்தபோது, அரசின் மறுப்பு கல்நெஞ்சமாகவே மக்களுக்குத் தெரிந்தது.

வாரனின் விலகல் மேரி கெல்லி கொலையான வேளையில் வெளியே தெரிந்ததால், அந்தக் கொலைதான் அவரை வீழ்த்தியது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்மையில், உள்துறையுடன் அவருக்கு இருந்த நெடுநாள் பிணக்கும், அனுமதியின்றி இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரையும்தான் நேரடிக் காரணங்கள்.

மக்கள் பயந்துதானே இருந்தார்கள்? பிறகு ஏன் கொலை நடந்த இடங்களைப் பார்க்கக் கூட்டம் கூடியது?

இரண்டும் ஒருசேர நடந்தன. ஹன்பரி தெருவில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சிறு தொகை வாங்கிக்கொண்டு தங்கள் சன்னல் வழியே அந்த முற்றத்தைக் காட்டினார்கள். தெரு வியாபாரிகள் தள்ளுவண்டிகளுடன் வந்து சேர்ந்தார்கள். அதே தெருவில் இருந்த பெண்கள் இரவில் வெளியே போக அஞ்சினார்கள். ஆனால் போகாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. தொலைவில் இருந்தவர்களுக்கு இது வியப்பாகவும் அங்கே வாழ்ந்தவர்களுக்கு ஆபத்தாகவும் இருந்தது. 'மக்கள்' என்று ஒரே சொல்லில் இருவரையும் சேர்ப்பதால்தான் இந்தக் கேள்வி குழப்பமாகத் தோன்றுகிறது.

கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் பாலியல் தொழிலாளர்கள்தானே?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பொறுமையாக விடை சொல்ல வேண்டிய கேள்வியும் இதுவே. மேரி கெல்லி அத்தொழிலில் இருந்தார் என்பதில் ஐயமில்லை. ஸ்ட்ரைட் இளம்வயதில் ஸ்வீடனில் அவ்வாறு பதிவு செய்யப்பட்டிருந்தார். மற்ற மூவரைப் பொறுத்தவரை, வறுமை முற்றிய நாட்களில் அவ்வழியில் சென்றிருக்கலாம் என்று சாட்சிகள் சிலர் சொன்னார்கள்; எட்டோஸுடன் வாழ்ந்த ஜான் கெல்லி அதை அழுத்தமாக மறுத்தார். அன்றைய பத்திரிகைகள் இந்த வேறுபாடுகளைப் பார்க்கவில்லை. விடுதியில் தங்கும் தனிப்பெண் என்றாலே 'துரதிர்ஷ்டசாலி' என்ற இடக்கரடக்கல் சொல்லால் குறிப்பதே அன்றைய வழக்கம்.

நிக்கல்ஸ் அச்சகத் தொழிலாளி ஒருவரின் மனைவி, ஐந்து குழந்தைகளின் தாய். திருமணம் முறிந்து, ஏழைகளுக்கான அரசு இல்லங்களுக்கும் விடுதிகளுக்கும் இடையே அலைந்தவர். இறந்த இரவில் படுக்கைக்கு நான்கு பென்னி இல்லாததால் விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். சாப்மனின் கணவர் வண்டியோட்டி. அவர் 1886 கிறிஸ்துமஸ் அன்று இறந்ததோடு, வந்துகொண்டிருந்த சிறு தொகையும் நின்றது. சாப்மனும் படுக்கைக் காசு இல்லாமல்தான் அந்த இரவில் வெளியேறினார். நுரையீரல் நோய் முற்றி, கொலை நடந்திராவிட்டாலும் நெடுநாள் வாழ்ந்திருக்க மாட்டார் என்ற நிலையில் இருந்தார். எட்டோஸ் அந்த இலையுதிர் காலத்தில் கென்ட்டில், பீர் தயாரிக்க உதவும் ஹாப்ஸ் பூக்களைப் பறிக்கும் கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர். இறந்த இரவில் மதுபோதைக்காகக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டு, நள்ளிரவு ஒரு மணியளவில் விடுவிக்கப்பட்டார். முக்கால் மணி நேரத்தில் அவர் உயிருடன் இல்லை. கெல்லியின் உடலை முதலில் பார்த்தவர், 29 ஷில்லிங் வாடகை பாக்கியைக் கேட்க வந்தவர்.

இந்த வாழ்க்கைகளெல்லாம் மரண விசாரணைச் செய்திகளில் அன்றே அச்சாகியிருந்தன, மறைக்கப்பட்டவை அல்ல. ஆனால் கொலைகாரனுக்கு ஒரு பெயர் கிடைத்ததும் படிப்பவர்களின் கண் அவன் பக்கம் திரும்பிவிட்டது.

அதே காலத்தில் தேம்ஸ் நதியில் பெண்களின் உடல் துண்டுகள் கிடைத்தனவாம். அவை ஏன் யாருக்கும் நினைவில் இல்லை?

1887 முதல் 1889 வரை தேம்ஸிலும் அதன் கரைகளிலும் துண்டிக்கப்பட்ட பெண் உடல்கள் பலமுறை கிடைத்தன. 1888 அக்டோபர் 2 அன்று, அதாவது இரட்டைக் கொலை நடந்து இரண்டே நாட்களில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த காவல்துறைத் தலைமையகத்தின் நிலவறையிலேயே தலையில்லாத உடல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அவ்வழக்குகளிலும் கொலைகாரன் பிடிபடவில்லை. கொடூரமும் மர்மமும்தான் கவனத்துக்குக் காரணம் என்றால், இவையும் அதே அளவுக்கு நினைவில் நின்றிருக்க வேண்டும்.

நிற்காததற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. இறந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் யாரென்றே தெரியவில்லை; ஆகவே சாட்சி சொல்ல வரும் கணவரோ விடுதித் தோழியோ இல்லை. கொலை நடந்த இடம் தெரியாததால் கூட்டம் கூடிப் பார்க்க ஒரு முற்றமோ தெருவோ இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

டிஎன்ஏ சோதனையில் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று படித்தேனே? அரச குடும்பத்து இளவரசன் என்றும் சொல்கிறார்கள்.

இளவரசர் கதை எளிதில் விழுந்துவிடும். விக்டோரியா அரசியின் பேரனான இளவரசர் ஆல்பர்ட் விக்டர், இரட்டைக் கொலை நடந்த நாளில் ஸ்காட்லாந்தில் இருந்தார். டிஎன்ஏ செய்தி, எட்டோஸின் உடலருகே கிடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சால்வையைப் பற்றியது. அவருடைய உடைமைகளைக் காவல்துறை அன்றே பட்டியலிட்டது. அப்பட்டியலில் அத்தகைய சால்வை இல்லை. பல கைகள் மாறி வந்த துணி அது. சோதனையில் பயன்பட்ட தாய்வழி மரபணு, ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவாக இருக்கக்கூடியது. ஒருவரை நீக்க உதவும், ஒருவரைச் சுட்டிக்காட்டப் போதாது.

மக்நாட்டனின் குறிப்பில் உள்ள ட்ரூயிட், காஸ்மின்ஸ்கி, ஆஸ்ட்ராக் என்ற மூன்று பெயர்களும் ஐயத்தின் பேரில் எழுதப்பட்டவை மட்டுமே. அவர்களுள் ஆஸ்ட்ராக் அக்காலத்தில் பிரான்சில் சிறையில் இருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது.

இவ்வளவு கவனத்தால் வைட்சாப்பலுக்கு ஏதாவது நன்மை வந்ததா?

ஓரளவு வந்தது. வைட்சாப்பலில் பாதிரியாராக இருந்த சாமுவேல் பார்னெட் செப்டம்பரில் 'த டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் நான்கு கோரிக்கைகள் வைத்தார்: திறமையான காவல், போதிய தெருவிளக்கும் துப்புரவும், தெருவிலுள்ள இறைச்சிக்கூடங்களை அகற்றுதல், பொறுப்புள்ள உரிமையாளர்களின் கையில் குடியிருப்புகள். கெல்லி இறந்த மறுநாள் விக்டோரியா அரசியே பிரதமருக்குத் தந்தி அனுப்பி, அந்தச் சந்துகளுக்கெல்லாம் விளக்கு வேண்டும் என்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஃபிளவர் அண்ட் டீன் தெருவைச் சுற்றியிருந்த மோசமான விடுதிகள் சில இடிக்கப்பட்டு, தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. பக்ஸ் ரோ என்ற பெயரைக் கேட்டாலே கூசிய அத்தெருவாசிகள் பெயர் மாற்றம் பெற்றார்கள். 1892 முதல் அது டர்வர்ட் தெரு.

ஆனால் நான்கு பென்னி விடுதியில் தங்கியவர்களால் புதிய குடியிருப்புகளின் வாடகையைக் கொடுக்க இயலவில்லை. இடித்த தெருக்களிலிருந்து அவர்கள் இடிக்காத தெருக்களுக்கு நகர்ந்தார்கள். அவற்றுள் ஒன்று மேரி கெல்லி வாழ்ந்த டார்செட் தெரு. அதன் விடுதிகள் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து இரவுக்கு இரவு படுக்கைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தன.